கடலோர வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும்

மாடியில் சோலார் போடலாமா என்று விசாரித்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மின்வாரிய அட்டையைத்தான். அட்டை தொலைந்துபோனவர்கள் கைப்பேசிக்கு வந்த கட்டணக் குறுஞ்செய்திகளைக் காட்டினாலும் போதும். கடைசி ஆறு ரீடிங்குகளில், அதாவது ஓர் ஆண்டில், இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மானியத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது, ஆழம் பார்க்காமல் வலை இறக்குவதைப் போன்றது. மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சில குடும்பங்களுக்கு இத்திட்டம் பெரும் நன்மை தரும். சில குடும்பங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வதே நன்மை.

முதலில் திட்டம் என்னவென்று பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்யகர் இலவச மின்சாரத் திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின் அமைப்பை நிறுவுவதை இலக்காகக் கொண்டது. 2026-27 நிதியாண்டு வரை நடைமுறையில் இருக்கும். ஒரு கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்பது மானிய அளவு. நான்கு கிலோவாட் போட்டாலும் பத்து கிலோவாட் போட்டாலும் 78,000 ரூபாய்க்கு மேல் வராது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் அடக்கம் என்று அரசு வகுத்துக்கொண்டு அதில் 60 விழுக்காட்டையும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய் என்று வகுத்துக்கொண்டு அதில் 40 விழுக்காட்டையும் தருகிறது. சிறிய அமைப்புக்கே விகிதத்தில் அதிக உதவி என்பதால், சிறிதாகப் போட நினைக்கும் ஏழைக் குடும்பம் இதில் தாழ்ந்துபோவதில்லை. ஆனால் சந்தை விலை அந்த 50,000 ரூபாயில் நிற்பதில்லை; சிறிய அமைப்பானால் கிலோவாட்டுக்கு 60,000 முதல் 80,000 ரூபாய் வரை கேட்கிறார்கள்.

இனி அட்டையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்கலாம்.

தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணத்தின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆகவே 200 யூனிட் ஓடும் வீட்டின் கட்டணம் 235 ரூபாய். 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1,175 ரூபாய். 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1,805 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறு யூனிட்டின் மலிவு விலையும் பறிபோய், அதுவே ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

நம் பகுதியில் ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். 400 யூனிட் ஓடும் வீட்டில் அதைக் கழித்தால் 160 யூனிட்டுக்குத்தான் கட்டணம், அதாவது 141 ரூபாய். மின்வாரியத்தின் சில்லறைக் கட்டணங்கள் நீங்கலாக, இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலும், ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேலும் மிச்சமாகிறது. 65,000 ரூபாய் அமைப்புக்கு மானியம் போகக் கையிலிருந்து போவது 35,000 ரூபாய் என்றால், ஆறு ஆண்டுக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். அதே அமைப்பை 200 யூனிட் ஓடும் வீட்டில் போட்டால், முழுக் கட்டணமும் மிச்சமானால்கூட ஆண்டுக்கு 1,410 ரூபாய்தான். போட்ட பணத்தை எடுக்க இருபத்தைந்து ஆண்டு ஆகும். மானியம் கிடைக்கிறதே என்பதற்காக அந்தக் குடும்பத்தைக் கடனில் இறக்குவது நியாயமல்ல என்பதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

என் அனுபவத்தில், இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கே இதைப் பரிந்துரைக்க மனம் வருகிறது. ஏழை வீட்டில் அவ்வளவு எப்படி ஓடும் என்று கேட்பவர்கள் உண்டு. மீனுக்கும் ஐஸுக்கும் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி, கிணற்று மோட்டார், மகளோ மருமகளோ ஓட்டும் தையல் இயந்திரம், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் என்றிருந்தால், சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் 400 யூனிட் எளிதாக ஓடிவிடும். குடிசை இணைப்பு உள்ளவர்களுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம் என்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க இயலாது. வீடும் கூரையும் சொந்தமாக இருக்க வேண்டும்.

கணக்கு சரியாக வந்தால் அடுத்தது கூரை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் மாலை மூன்று மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒருநாள் மாடியில் நின்று பாருங்கள். கான்கிரீட் தளம் இருந்தால் சிக்கலில்லை. சிமெண்ட் ஷீட், ஓலைக் கூரைகளில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்; புயல் காற்றில் கூரையோடு சேர்ந்து போய்விடும். நம்மூர் மாடிகளில் கருவாடும் கடற்பாசியும் காயப் போடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். பேனலுக்கு அடியில் ஆள் நடமாடும் உயரத்தில் சட்டம் அமைத்தால் அந்த இடம் பிழைக்கும், ஆனால் செலவு கூடும், காற்றும் அதிகமாகப் பிடிக்கும். தாழ்வாகப் போட்டால் கருவாட்டுக்கு வரும் காக்கைகளின் எச்சம் பேனல் மீதுதான் விழும். எதை விட்டுக்கொடுப்பது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாடியை அதிகம் பயன்படுத்துபவர்கள் அவர்கள்தாம்.

மூன்றாவது, பெயர். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் முடங்குகின்றன. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே விண்ணப்பம், அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு என்று இருந்தால் பின்னால் தொல்லை வராது. என் அக்கா வீட்டில் இணைப்பு, காலமாகிவிட்ட மாமனார் பெயரில் இருந்தது. அத்தான் தம் ஆதாரை இணைத்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டார்கள். ஆதார் இணைப்பு வேறு, பெயர் மாற்றம் வேறு. கடைசியில் வாரிசுச் சான்று வாங்கி, உடன்பிறந்தவர்களின் சம்மதம் பெற்று, பெயரை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நீங்கள் அந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள். இனிஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, தந்தை பெயர் முழுதாக இருப்பது போன்ற சிறு வேறுபாடுகளையும் ஆதார், மின் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்பு வேறு திட்டத்தில் சோலார் பேனலுக்கு மானியம் பெற்ற குடும்பங்களுக்கு இதில் இடமில்லை என்பது விதி. 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்குகளும் கொடுத்தார்கள். அத்தகைய வீட்டில் இருப்பவர்கள், பணம் எதையும் கட்டுவதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் எளிதானதே. சூர்யகர் இணையதளத்திலோ அதன் கைப்பேசிச் செயலியிலோ கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்து, மாநிலம், மாவட்டம், மின் இணைப்பு எண் ஆகியவற்றைக் கொடுத்து, அண்மைக் கட்டண ரசீதைப் பதிவேற்ற வேண்டும். கைப்பேசியில் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆனால் ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) உங்கள் கைப்பேசிக்கே வரும்படி உங்கள் எண்ணையே கொடுங்கள், இடைத்தரகரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். பத்து கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. எனவே அதற்கென்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் 15555 என்ற கட்டணமில்லா எண்ணில் திட்டத்தைப் பற்றியும், 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் மின்வாரியத்தைப் பற்றியும் கேட்கலாம்.

பின்னர், அந்த இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு பெறாதவரிடம் போட்டால் மானியம் வராது. குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். அதில் பேனல், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், தாங்குசட்டம், மண் இணைப்பு எனப்படும் எர்த், இடிதாங்கி, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் ஆகிய ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும். இருவழி மீட்டருக்கான பணத்தை விலைப்புள்ளியில் சொல்லாமல் விட்டுவிட்டுக் கடைசி நாளில் கேட்பது வழக்கமாக நடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனல்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், பழைய விலையையே நீட்டுபவரிடம் அதையும் கேளுங்கள். உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்டு உள்நாட்டிலேயே செய்த பேனலுக்கு மட்டுமே மானியம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பேனலின் பின்புறத்திலும் உள்ள வரிசை எண்ணை மேலே ஏற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முறையில் கண்டிப்பாக இருங்கள். எங்கள் தெருவில் ஒருவர் முழுத் தொகையையும் பேனல் ஏறிய அன்றே கொடுத்துவிட்டார். அதன் பிறகு மீட்டர் மாற்ற ஆள் வரவேயில்லை. நான்கு மாதம் பேனல் வெயிலில் சும்மா கிடந்தது. இருவழி மீட்டர் பொருத்தப்பட்டு, மின்வாரியப் பொறியாளர் பார்த்து, இயக்கச் சான்று இணையதளத்தில் ஏறும் வரை, ஐந்தில் ஒரு பங்குத் தொகையையாவது கையில் நிறுத்தி வையுங்கள். சான்று ஏறிய பின் வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்தால், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் மானியம் வரவாகும்.

அதுவரை முழுத் தொகைக்கும் எங்கே போவது என்பதுதான் ஏழைக் குடும்பத்தின் உண்மையான கேள்வி. மூன்று கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரை, அடமானம் இல்லாமல், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை ஒட்டிய குறைந்த வட்டியில் பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. மத்திய அரசின் ஜன்சமர்த் கடன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். 65,000 ரூபாய் அமைப்பில் 6,500 ரூபாய் நாம் போட்டு, 30,000 ரூபாய் மானியமும் கடன் கணக்கிலேயே வரவாகிவிட்டால், மிஞ்சுவது 28,500 ரூபாய். ஆறு விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 400 ரூபாய் சொச்சம். 400 யூனிட் ஓடும் வீட்டில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் மிச்சமாவதால் தவணை அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கடலுக்குப் போகும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதத் தவணை முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மாசி மாதத்திலேயே அதைக் கணக்கில் போட்டுவிடுங்கள். தனியாரிடம் வாரவட்டிக்கு வாங்கி சோலார் போடுவதைவிடப் போடாமலிருப்பதே மேல்.

அடுத்தது உப்பு. உள்நாட்டு ஊர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரும்பை அரித்துத் தின்ற அதே காற்றுதான் உங்கள் மாடியிலும் வீசுகிறது; அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில், கடலிலிருந்து இருநூறு அடிக்குள், சாதாரண முலாம் பூசிய போல்ட்டுகள் பதினெட்டு மாதத்தில் செம்மண் உதிர்வதைப் போலக் கையோடு வந்தன. ஒரு போல்ட்டின் தலை திருகும்போதே உடைந்து விழுந்தது. பேனல் கண்ணாடி புதிதாகப் பளபளத்தது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொருள் போய்விட்டிருந்தது.

ஆகவே விலைப்புள்ளியில் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனல், அதாவது ஐ.இ.சி. 61701 சான்று உள்ளது, சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்து 80 மைக்ரான் கனத்துக்குக் குறையாமல் முலாம் ஏறிய சட்டம், எவர்சில்வர் போல்ட், அதிலும் கடலை ஒட்டிய வீடானால் 316 தரம், ஐ.எஸ். 875 தரநிலையின்படி நம் கடற்கரைக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்ட தாங்கு அமைப்பு. சட்டத்தை அளவு குறைத்து வெட்டினாலும் புதிதாகத் துளையிட்டாலும் அந்த இடத்தில் முலாம் போய்விடும். துத்தநாகப் பூச்சு அடிக்காமல் விடக்கூடாது. இன்வெர்ட்டரை மாடியில் வெயிலில் மாட்டாமல், கடற்காற்று நேராக அடிக்காத உள்சுவரில் மாட்டச் சொல்லுங்கள். பேனல்கள் தெற்கு நோக்கி ஏறத்தாழ பத்து பாகை சாய்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் தூக்கினால் நம் அட்சரேகையில் விளைச்சல் கூடாது, காற்றுதான் கூடுதலாகப் பிடிக்கும். இவற்றுக்காகச் சில ஆயிரம் ரூபாய் அதிகமாகும். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது பேட்டரி. வெயில் அடிக்கும்போது கரண்ட் போனால் மாடியில் பேனல் இருக்கிறதே, மின்விசிறி ஓடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓடாது. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் அமைப்பு, மின்தடை வந்தவுடன் தானாக நின்றுவிடும். உங்கள் மாடியிலிருந்து கம்பிக்குப் போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடக்கூடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். வாடைக்காலத்தில் புயல் அடித்து இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போகும் நம் கடலோரத்தில், விளக்கும் விசிறியும் கைப்பேசியும் வேண்டும் என்றால் பேட்டரி தனியாக வேண்டும். சூர்யகர் மானியம் பேட்டரிக்குக் கிடையாது. பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டாலும், பேனல் அளவுக்கு உரிய மானியம்தான் வரும். பேட்டரிக்கும் சேர்த்து மானியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முழு வீட்டையும் பேட்டரியில் ஓட்ட நினைக்காமல், எது இல்லாமல் இரவைக் கழிக்க முடியாது என்று மட்டும் யோசியுங்கள். தண்ணீர் ஊற்றும் ஈய அமில வகையான டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி அளவுள்ளதில் எழுத்தளவில் 1.8 யூனிட் இருக்கும். அதன் ஆயுளைக் காக்க வேண்டுமென்றால் பாதிதான், அதாவது 0.9 யூனிட்தான், எடுக்க வேண்டும். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் போட்டால் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே இரண்டு விசிறிகளை 30 வாட் அளவே இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால், அதே பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரியைப் பெரிதாக்கும் பணத்தை முதலில் விசிறியில் போடச் சொல்வது இதனால்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல்; ஆனால் அதில் உள்ளதில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பல ஆண்டு உழைக்கும். டியூபுலர் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தால் காய்ச்சி வடித்த நீரை மாதம் ஒருமுறை அளவு பார்த்து ஊற்றுங்கள். கிணற்று நீரை ஊற்றினால் நம் ஊர் உப்பு அதைக் கொன்றுவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் படுக்கையறையிலோ அடுப்படியிலோ வைக்கக்கூடாது. பசுமை வீடுகளின் சோலார் விளக்குகள் பல அணைந்துகிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேனல் கெட்டதால் அல்ல, பேட்டரி தீர்ந்தபின் மாற்றுவதற்குப் பணம் எடுத்து வைக்காததால்தான். பேட்டரி வாங்கும் அன்றே மாதம் இருநூறு ரூபாயை மகளிர் குழுச் சேமிப்பிலோ அஞ்சலகத்திலோ தனியாகப் போடத் தொடங்கிவிடுங்கள்.

அமைப்பு ஓடத் தொடங்கியபின் பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, நிறுவியவரின் பொறுப்பு என்பது திட்டத்தின் விதி, அதற்கான ஒப்பந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் சேர்ந்து கண்ணாடி மேல் வெள்ளையாகப் படியும். விரலால் இழுத்தால் கோடு விழும். வாரம் ஒருமுறை, சூடு ஏறும் முன் விடியற்காலையில், குடிக்கும் தண்ணீர் ஒரு வாளியில் மென்துணியை நனைத்துத் துடைத்தால் போதும். உவர்நீரில் கழுவினால் காய்ந்தபின் உப்பு இன்னும் கூடுதலாகப் படியும். கொதிக்கும் வெயிலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இன்வெர்ட்டர் காட்டும் மொத்த யூனிட்டை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பங்குனியில் ஒரு கிலோவாட்டுக்கு 120 யூனிட்டை ஒட்டி வந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் குறைவது இயல்பு. வெயில் நன்றாக அடிக்கும் மாதத்தில் 90க்குக் கீழே இறங்கினால் முதலில் துடைத்துப் பாருங்கள், பிறகு நிழல் புதிதாக விழுகிறதா என்று பாருங்கள், அதற்கும் பிறகு நிறுவியவரைக் கூப்பிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, இன்வெர்ட்டரை நிறுத்தி வையுங்கள். புயல் ஓய்ந்தபின், அறுந்து கிடக்கும் கம்பியையோ உடைந்த பேனலையோ தொடாமல், நிறுவியவர் வந்து பார்க்கும் வரை அமைப்பை இயக்காதீர்கள். உடைந்த பேனலிலும் வெயில் பட்டால் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.